நாலு நிறக் கட்டை முதல் மென்பொருள் வரை: மார்க் போட்டது யார், பார்த்தது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எதையாவது கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் பி.காம். பாடத்தில் மனிதவள மேலாண்மை என்று ஒரு பேப்பர். அதில் 'பணித்திறன் மதிப்பீடு' ஒரு யூனிட். முறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நன்மை நாலு, தீமை நாலு என்று அடித்துவிட்டால் மார்க் விழுந்துவிடும். இப்போதெல்லாம் இந்தப் பாடத்தின் வாலில் இன்னொரு சமாச்சாரமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊழியர்களின் திறமையையும் வேலையையும் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேரை ஒரு கம்பெனி எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஆளுக்கு மாசம் என்ன விலை, சம்பளப் பட்டியலோடு இணையுமா, மொபைலில் வருமா, பாதுகாப்பு எப்படி, ரிப்போர்ட் எத்தனை வகை... இப்படி ஒரு பட்டியல்.

இந்தப் பட்டியலில் விற்கிறவர் இருக்கிறார், வாங்குகிற முதலாளி இருக்கிறார், எச்.ஆர். இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார். ஒரே ஒரு ஆளை மட்டும் காணோம். யாருக்கு மார்க் போடப் போகிறார்களோ அவரை! தனக்கு என்ன மார்க் விழுந்தது என்று அவர் பார்க்க முடியுமா? தப்பு என்று தோன்றினால் எங்கே போய்ச் சொல்வது? இதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

இது கம்ப்யூட்டர் காலத்துக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் 200 வருஷத்துக்கு முன்பே ஒரு பஞ்சாலை முதலாளி இதற்கு விடை வைத்திருந்தார். அங்கிருந்து ஆரம்பிப்போம்.

பேசாத சட்டாம்பிள்ளை

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்று ஒரு ஊர். (2001ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.) அங்கே இருந்த பஞ்சு நூற்பாலைகளை 1799ல் ராபர்ட் ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் டேவிட் டேல் என்பவரிடமிருந்து வாங்கினார்கள். அதே வருஷம் டேலின் மகளை ஓவன் கல்யாணமும் செய்துகொண்டார். 1800 ஜனவரியில் ஆலை நிர்வாகம் ஓவன் கைக்கு வந்தது.

திருட்டும் குடியும் ஆலையில் சகஜமாக இருந்ததாக ஓவன் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து மேஸ்திரிகளுக்குத் தெரிந்த வைத்தியம் திட்டு, அடி, அபராதம். ஓவன் வேறு ஒன்று செய்தார். இரண்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலத்தில் ஒரு சின்ன மரக்கட்டை. நாலு பக்கமும் நாலு நிறம். கறுப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் நல்லது, வெள்ளை ரொம்ப நல்லது. ஒவ்வொரு தொழிலாளி நிற்கிற இடத்திலும் ஒரு கட்டை தொங்கும். நேற்று அவர் வேலை செய்தது, நடந்துகொண்டது எப்படியோ அந்த நிறம் இன்றைக்கு முன்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். இதற்கு 'சைலன்ட் மானிட்டர்' என்று பெயர். நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூட பாஷையில் சொன்னால் 'பேசாத சட்டாம்பிள்ளை'.

நிறத்தோடு முடியவில்லை. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 4 என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். ஒவ்வொரு பிரிவுக்கும் 'நடத்தைப் புத்தகம்' ஒன்று. தினமும் அந்த எண் அதில் ஏறும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 300க்கும் மேல் பதிவு! இன்றைக்கு எந்த கம்பெனியின் சாஃப்ட்வேரிலும் ஒரு ஊழியரைப் பற்றி இத்தனை மதிப்பெண் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

எல்லாப் புத்தகங்களும் கட்டையோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஓவன் தன் சுயசரிதையில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற இன்னொரு விஷயம். மேற்பார்வையாளர் அநியாயமாக நிறம் போட்டுவிட்டார் என்று ஒரு தொழிலாளி நினைத்தால், நேராக ஓவனிடமே முறையிடலாம். ஓவன் ஊரில் இல்லை என்றால் ஆலைத் தலைவரிடம். எப்போது? அந்த எண் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பு! ஏறிய பிறகு அழுது என்ன பிரயோஜனம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி முறையீடு வந்தது ரொம்ப அபூர்வம் என்றும் எழுதுகிறார்.

ஓவனைப் பெரிய மகான் ஆக்க வேண்டாம். உனக்குக் கறுப்பு என்பது ஆலையில் பக்கத்தில் நிற்கிறவன், எதிரில் நிற்கிறவன், தண்ணீர் குடிக்கப் போகிறவன் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு வகை அவமானம்தானே? தவிர, முறையீடு அபூர்வம் என்று சொல்வது முதலாளி. பயத்தில் கூட யாரும் வராமல் இருந்திருக்கலாம். மறுபக்கம், அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நாலு மாசம் நின்றபோது முழுக் கூலி கொடுத்தவரும் இதே ஆள்தான், அதனால் ஜனங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படியோ, மூன்று விஷயங்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தன் மார்க்கைத் தொழிலாளி பார்த்தார். மறுநாளே பார்த்தார். பதிவாகும் முன் மறுக்க வழி இருந்தது. இந்த மூன்றும் பின்னால் எப்படித் தொலைந்துபோயின என்பதுதான் மீதிக் கதை.

அழகான ஆபீசர் புத்திசாலியும்கூட

அமெரிக்கா 1917ல் முதல் உலகப்போரில் இறங்கியது. திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆபீசர்கள் வேண்டும். யாரை எடுப்பது, யாரை உயர்த்துவது? வால்டர் டில் ஸ்காட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ராணுவத்துக்கு ஒரு அளவுகோல் செய்து கொடுத்தார். யோசனை எளிமையானது. உடல்வாகு, புத்தி, தலைமை, குணம், ராணுவத்துக்கு மொத்தப் பயன் என்று ஐந்து அம்சம். ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிற அதிகாரி, தனக்குத் தெரிந்த ஐந்து ஆபீசர்களை ஆகச் சிறந்தவரில் தொடங்கி ஆக மோசமானவர் வரை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். புது ஆளை அந்த ஐவரோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். போர் முடிந்ததும் ஸ்காட் ஒரு ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். ராணுவத்து யோசனைகள் கம்பெனிகளுக்குள் நுழைந்தன.

ஆனால் 1920லேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற இன்னொரு மனோதத்துவ அறிஞர் இதில் கை வைத்தார். ராணுவ ஆபீசர்களுக்கு மேலதிகாரிகள் போட்ட மார்க்குகளை எடுத்துப் பார்த்தால், உடல்வாகில் நல்ல மார்க் வாங்கியவர் புத்தியிலும் நல்ல மார்க், தலைமையிலும் நல்ல மார்க், குணத்திலும் நல்ல மார்க்! நிஜ வாழ்க்கையில் இவை இவ்வளவு ஒட்டிக்கொண்டு வராது. அதாவது மேலதிகாரி ஐந்து அம்சத்தை அளக்கவில்லை. 'இந்த ஆள் நல்லவன்' என்று ஒரு அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு அதை ஐந்து கட்டத்திலும் நிரப்பியிருக்கிறார். பாடப்புத்தகத்தில் 'ஹாலோ எஃபெக்ட்' என்று இரண்டு வரியில் வருகிறதே, அது பிறந்த இடம் இதுதான்.

80 வருஷம் கழித்து, 2000ல், இதற்கு ஒரு கணக்கும் வந்தது. 4,492 மேனேஜர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் மேலதிகாரிகள் இருவர், சக ஊழியர்கள் இருவர், கீழே வேலை செய்பவர்கள் இருவர் மார்க் போட்டதை ஆராய்ந்தார்கள். மார்க் ஏறி இறங்கியதில் 62 சதவீதத்துக்குக் காரணம், மார்க் போட்டவரின் சொந்தப் போக்கு. வாங்கியவர் உண்மையில் செய்த வேலைக்குக் கிடைத்த பங்கு 21 சதவீதம். நம்முடைய அப்ரைசல் பெரும்பாலும் நம் மேனேஜரின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளலாம் :-)

ஒரே கம்பெனி, இரண்டு பாடம்

ஜெனரல் எலெக்ட்ரிக், அதாவது ஜி.இ. கம்பெனியின் கதை இதில் வேடிக்கையானது. 1960களில் அவர்கள் தங்கள் அப்ரைசல் முறையைத் தாங்களே ஆராய்ந்தார்கள். 1965ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் முடிவு வெளியானது. குறை சொன்னால் ஆள் திருந்துவதில்லை, எதிர்த்து வாதாடுகிறார், எந்த இடத்தில் அதிகம் குறை சொன்னார்களோ அதே இடத்தில் முன்னேற்றம் குறைவு. பாராட்டினாலும் பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை. சம்பள உயர்வுப் பேச்சையும் முன்னேற்றப் பேச்சையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள், இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்பது சிபாரிசு. நம் நாட்டிலும் 1970களின் நடுவில் எல் அண்டு டி கம்பெனிக்காக அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போனார்கள். மதிப்பீட்டையும் வளர்ச்சியையும் தனித்தனியாக வைத்தார்கள்.

அதே ஜி.இ.க்கு 1981ல் ஜாக் வெல்ச் தலைவராக வந்தார். அவர் புகழ் பெற்றது எதனால்? 20-70-10. ஊழியர்களில் மேலே உள்ள 20 சதவீதத்துக்குப் பரிசு மழை, நடுவில் 70 சதவீதம், கடைசி 10 சதவீதத்துக்கு வாசல். சொந்த ஆராய்ச்சி அலமாரியில் தூங்கியது. பத்துப் பேர் உள்ள ஒரு டீமில் பத்துப் பேரும் ஒழுங்காக வேலை செய்தாலும் ஒருவர் கடைசி ஆக வேண்டும், அதுதான் கணக்கு. நம் யூனிவர்சிட்டியில் பத்து பேருக்கு ஒருவரைக் கட்டாயம் ஃபெயில் ஆக்குவோம் என்று விதி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நோட்ஸ் யார் கொடுப்பார்கள்?

வெல்ச் 2001ல் ஓய்வு பெற்றார். அதே வருஷம்தான் அடுத்த கதாபாத்திரம் பிறக்கிறது.

படிவம் பெட்டிக்குள் போனது

மனிதவள சாஃப்ட்வேர் என்றால் 1990களில் பீப்பிள்சாஃப்ட். டேவ் டஃபீல்டும் கென் மாரிஸும் 1987ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. வருகைப் பதிவு, சம்பளம், ஊழியர் விவரம் என்று பெரிய கம்பெனிகளின் கோப்பு அலமாரிகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோன கம்பெனிகளில் முக்கியமானது. 2001ல் லார்ஸ் டால்கார்ட் தொடங்கிய சக்சஸ்ஃபேக்டர்ஸ் வந்ததும் அடுத்த கட்டம்: மதிப்பீட்டையே இன்டர்நெட்டில் செய்வது. கம்பெனி சர்வர் வாங்க வேண்டாம், வாடகை கட்டினால் போதும்.

பெட்டிக்குள் போனபோது படிவம் மாறியதா? இல்லை. ஸ்காட் காலத்துக் கட்டங்கள் அப்படியே போயின. வெல்ச் காலத்து வரிசைப்படுத்தலும் போனது. ஊழியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மார்க் போடும் ஒரு திரைக்கு சக்சஸ்ஃபேக்டர்ஸில் 'ஸ்டாக் ரேங்கர்' என்றே பெயர். இன்னொன்று 'ரைட்டிங் அசிஸ்டென்ட்'. மேனேஜர் ஒரு திறனைத் தேர்ந்தெடுத்தால் ரெடிமேட் வாக்கியம் வந்து விழும், பாராட்டைக் கூட்டவோ குறைக்கவோ பட்டன் உண்டு. உங்களைப் பற்றி உங்கள் மேனேஜர் எழுதிய அந்த உருக்கமான வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? சமீப வருஷங்களில் இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்கிறது, வாக்கியம் இன்னும் அழகாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு கிளைக்கதை. சாஃப்ட்வேர் வாங்கும்போது விற்பவரின் ஆயுளையும் பார்க்க வேண்டும் என்பதற்கு பீப்பிள்சாஃப்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2003 ஜூனில் ஆரக்கிள் கம்பெனி, பீப்பிள்சாஃப்டின் சம்மதம் இல்லாமலேயே அதை விலைக்குக் கேட்டது, பங்குக்கு 16 டாலர். வாங்கினால் அந்த சாஃப்ட்வேரைப் புது ஆட்களுக்கு விற்க மாட்டோம் என்ற பேச்சு வேறு. வாடிக்கையாளர்கள் மிரண்டு போனார்கள். உடனே பீப்பிள்சாஃப்ட் ஒரு வித்தை செய்தது: எங்களை யாராவது வாங்கி, உங்களுக்குத் தரும் ஆதரவைக் குறைத்தால், நீங்கள் கட்டிய உரிமத் தொகையைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது! அமெரிக்க அரசு வழக்குப் போட்டுத் தோற்றது. கடைசியில் 2004 டிசம்பரில் பங்குக்கு 26.50 டாலர், மொத்தம் சுமார் 1,030 கோடி டாலருக்கு விஷயம் முடிந்தது. 2005 ஜனவரியில், இரண்டு கம்பெனியும் சேர்ந்த 55,000 பேரில் 5,000 வேலைகளைக் குறைப்பதாக ஆரக்கிள் அறிவித்தது. டஃபீல்டு சும்மா இருக்கவில்லை. அனீல் புஸ்ரியோடு சேர்ந்து அதே வருஷம் வொர்க்டே கம்பெனியைத் தொடங்கினார்.

அதோடு நிற்கவில்லை. சக்சஸ்ஃபேக்டர்ஸை வாங்குவதாக 2011 டிசம்பரில் எஸ்.ஏ.பி. அறிவித்தது, 340 கோடி டாலர். 2012ல் டாலியோவை ஆரக்கிளும், கெனெக்ஸாவை ஐ.பி.எம்.மும் வாங்கின. பட்டியலில் பத்து கம்பெனியை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வேறு கம்பெனியின் வாடிக்கையாளர்!

மேனேஜ்மென்ட் மோஸ்தர் இதற்குள் திசை மாறியது. 2012ல் அடோபி வருடாந்தர மதிப்பீட்டைக் கைவிட்டது. ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறைக்குப் பெயர் போன மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் அதை நிறுத்தியது. 65,000 பேருக்கு மேல் வேலை பார்த்த டெலாய்ட், படிவம் நிரப்புவது, கூட்டம் போடுவது, மார்க் முடிவு செய்வது என்று வருஷத்துக்கு 20 லட்சம் மணி நேரம் செலவாகிறது என்று கணக்குப் பார்த்து, 2015ல் புது முறைக்குப் போவதைச் சொன்னது. ஜி.இ.யே அதே வருஷம் வருடாந்தர முறையிலிருந்து விலகி, அடிக்கடி கருத்துச் சொல்ல ஒரு ஆப் கொண்டுவந்தது. 1965ல் சொன்ன இடத்துக்கு வந்துசேர ஐம்பது வருஷம்.

நல்ல மாற்றம்தான். ஆனால் கவனித்தீர்களா? இத்தனை விவாதத்திலும் கேள்வி 'மார்க் எப்படிப் போடுவது' என்பது மட்டுமே. ஓவனின் மூன்றாவது விஷயம், அந்த முறையீடு, யார் பேச்சிலும் பெரிதாக அடிபடவில்லை. அதைப் பேசியது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியோ மேனேஜ்மென்ட் குருவோ இல்லை. நம் நாட்டு உச்ச நீதிமன்றம்.

'நல்லது' என்ற மோசமான மார்க்

அரசு வேலையில் இருப்பவர்கள் வீட்டில் 'சி.ஆர்.' என்ற வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட், ரகசிய அறிக்கை. ஒவ்வொரு வருஷமும் மேலதிகாரி எழுதி உறையில் போடுவார். அதில் திட்டு இருந்தால் மட்டும் ஊழியருக்குத் தெரியப்படுத்துவார்கள். மற்றதெல்லாம் ரகசியம்.

தேவ் தத் என்பவர் எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் நிர்வாகப் பொறியாளர். அடுத்த பதவி கண்காணிப்புப் பொறியாளர். அதற்குக் கடைசி ஐந்து வருஷ அறிக்கைகளிலும் 'மிக நன்று' இருக்க வேண்டும். அவருக்கு 1993-94ம் வருஷத்தில் மட்டும் 'நன்று'. பதவி உயர்வுக்கு அவரைப் பரிசீலிக்கவே இல்லை. 'நன்று' என்பது திட்டு இல்லையாம், ஆகவே அவருக்குச் சொல்லவில்லையாம். பாருங்கள் வேடிக்கையை! பார்க்க நல்ல மார்க், வேலையில் அதுதான் அவரைக் கவிழ்த்தது, அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இவருக்குக் கிடைத்த 'நன்று' ஓவன் ஆலையில் மஞ்சள் கட்டை. ஆனால் கட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 மே 12ம் தேதி நீதிபதிகள் எச்.கே. சேமா, மார்கண்டேய கட்ஜு தீர்ப்புச் சொன்னார்கள். மோசம், சுமார், நன்று, மிக நன்று எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு பதிவையும் அந்த ஊழியருக்கு நியாயமான காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து அவர் முறையிட வாய்ப்புத் தர வேண்டும். முறையீட்டை எழுதியவரைவிட மேலே உள்ளவர் பார்க்க வேண்டும். (ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும் இது பொருந்தாது என்று விலக்கினார்கள்.) இதற்குள் தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய 'நன்று'வை அவருக்கு இப்போதாவது தெரிவியுங்கள், முறையீட்டில் மார்க் உயர்ந்து, பதவி உயர்வும் கிடைத்தால் பாக்கியையும் கூடுதல் பென்ஷனையும் 8 சதவீத வட்டியோடு கொடுங்கள் என்றது கோர்ட். மறுநாள் காலை தெரிய வேண்டிய நிறம், 14 வருஷம் கழித்து.

2009 மே மாதம் மத்திய அரசின் பணியாளர் துறை சுற்றறிக்கை விட்டது. முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும், மறுக்க 15 நாள் அவகாசம். பெயரையும் மாற்றினார்கள். 'வருடாந்தர ரகசிய அறிக்கை' போய் 'வருடாந்தரப் பணி மதிப்பீட்டு அறிக்கை' ஆனது. ரகசியம் என்ற சொல்லே காணாமல் போனது. 2013ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, தேவ் தத் தீர்ப்பு சரிதான் என்று உறுதி செய்தது.

பிறகு இதற்கும் ஒரு சாஃப்ட்வேர் வந்தது. பெயர் ஸ்பாரோ, சிட்டுக்குருவி! முதலில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு, அப்புறம் மற்ற பணிகளுக்கும். ஊழியர் தன் வேலையை எழுதுவார், ஒருவர் மார்க் போடுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் ஏற்பார். கடைசியில் அறிக்கை ஊழியரின் திரைக்கே திரும்பி வரும், அங்கிருந்து அவர் முறையிடலாம். பார்க்க ரொம்ப அழகான சாஃப்ட்வேர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முறையீடு என்ற படி அதற்குள் இருக்கிறது. காரணம், அந்த சாஃப்ட்வேர் எழுதப்படும் முன்பே கோர்ட் அந்தப் படியை எழுதிவிட்டது.

மாணவர்களான நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. வழக்கில், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டுப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் இதே கேள்விதான்.

தனியார் கம்பெனியில்?

இங்கேதான் நமக்குக் கவலை. நம்மில் முக்கால்வாசிப் பேர் போகப்போவது தனியார் கம்பெனிக்கு. தேவ் தத் தீர்ப்பு பேசுவது அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும். தகவல் அறியும் சட்டமும் அப்படியே. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால், வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்கு ஊழியரின் தரவைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே முதலாளி பயன்படுத்தலாம் என்கிறது. தன் தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையையோ அந்தச் சட்டம் சம்மதத்தின் பேரில் தந்த தரவைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறது. ஐரோப்பாவில் 2018ல் அமலான தரவுச் சட்டப்படி ஊழியர் தன்னைப் பற்றிக் கம்பெனி வைத்திருப்பதைக் கேட்டு வாங்க முடியும், சில விதிவிலக்குகளோடு. நம் தனியார் கம்பெனியில் அந்தக் கதவு இருக்குமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் வாங்குகிற சாஃப்ட்வேரும், வாங்கிய அன்றைக்கு அதில் எந்தெந்தப் பெட்டியில் டிக் அடித்தார்கள் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. பல சாஃப்ட்வேர்களில் மேனேஜரின் இறுதி மார்க்கை ஊழியருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது ஒரு செட்டிங். எச்.ஆரில் ஒருவர் அதை அணைத்து வைத்தால், சி.ஆர். உறை திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

நாளைக்கு நம்மில் யாராவது எச்.ஆரில் உட்கார்ந்து இப்படி ஒன்றை வாங்கப் போகலாம். விற்பவர் டெமோவுக்கு வரும்போது எப்போதும் மேனேஜர் லாகினில்தான் திறப்பார். கலர் கலராக கிராஃப் வரும், ஒன்பது கட்டம் வரும். அதைப் பார்த்து முடித்ததும், 'சார், இப்போ ஊழியர் லாகினில் திறங்க' என்று சொல்லுங்கள். இந்த வருஷம் அவருக்குக் குறைந்த மார்க் விழுந்திருப்பதாக வைத்து, அவர் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இறுதி மார்க் தெரிகிறதா, இல்லை கூட்டத்தில் மாற்றுவதற்கு முந்தைய மார்க்கா? மறுப்பு எழுத இடம் இருக்கிறதா? எழுதினால் அது மார்க் போட்ட அதே மேனேஜருக்கே போகிறதா, அவருக்கு மேலே போகிறதா? மார்க்கை யாராவது திருத்தினால் பழையது, திருத்தியவர் பெயர், தேதி மூன்றும் நிற்கிறதா? ஒப்பந்தம் முடிந்தாலோ, அந்தக் கம்பெனியை வேறு ஒரு கம்பெனி விழுங்கினாலோ, மார்க்கோடு சேர்த்து மறுப்புக் கடிதமும் வெளியே வருமா, மார்க் மட்டும் வருமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்தோடு பின் அடித்து வையுங்கள். பீப்பிள்சாஃப்ட் வாடிக்கையாளர்களும் 2003ல் தங்களுக்கு வேண்டியதை எழுத்தில்தான் வாங்கினார்கள்.